மூன்று கீறல் பூ

சொட்டு என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பெயின்ட் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏணி மேல் நின்று மேற்கூரைக்கு ப்ரைமர் அடித்துக்கொண்டிருந்தார். "எப்படி வருது?" என்று கீழே வந்து அண்ணாந்து பார்த்த வீட்டுக்காரரின் வழுக்கையில் சரியாக ஒரு சொட்டு போய் விழுந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், சிரித்துவிட்டுப் போனார். கூட வேலை பார்த்தவர்கள் விடுவார்களா? அன்றைக்கு ஒட்டிய பெயர் தலை நரைத்த பிறகும் உரியவில்லை.

அதற்கப்புறம் அவர் கையிலிருந்து ஒரு துளி கீழே விழுந்ததை யாரும் பார்த்ததில்லை. இடுப்பில் எந்நேரமும் ஒரு துணி தொங்கும். எங்கே வழிசல் கண்டாலும், அது தன் வேலையானாலும் அடுத்தவன் வேலையானாலும், கை தானாகப் போய்த் துடைத்துவிடும். டீக்கடையில் டீ வழிந்த டம்ளரைக்கூடத் துடைத்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

"பேருதான் சொட்டு. ஆளு துடைச்சு வச்ச கண்ணாடி" என்பாள் மனைவி.

அவள் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற சலவைக்கூடத்தில் இஸ்திரி பிரிவில் இருக்கிறாள். காலையில் போய் நின்றால், மாலை வரைக்கும் ஆவிக்கு நடுவில் வெள்ளை விரிப்பு, வெள்ளை உறை, வெள்ளை அங்கி. இவருக்கும் அதே கதைதான். இந்தக் காலத்து வீட்டுக்காரர்கள் கேட்பதெல்லாம் வெள்ளை. இல்லையென்றால் வெள்ளைக்குத் தங்கச்சி. பால் வெள்ளை, முத்து வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை. இரண்டு பேரும் வீடு திரும்பும்போது கண் கூசிப்போய், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால்தான் கொஞ்சம் நிறம் தெரியும்.

இப்படி இருக்கையில், வீடு காலி செய்துகொண்டு போன ஒரு அம்மாள், சுவருக்கு அடித்த கூலியோடு சேர்த்து ஒரு சின்ன டப்பியையும் அவர் கையில் வைத்தாள். உள்ளே மணல் மாதிரிப் பொடி விதை.

"என்ன பூங்க இது?"

"யாருக்குத் தெரியும்? பல நிறம் கலந்தது. பூத்தா தெரிஞ்சுடும், போய்த் தூவு."

அவர்கள் வீட்டு வாசலில், கேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் இருந்தது. அதில் தூவினார். குளிர் தணிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது, சாம்பலும் நீலமும் கலந்த பச்சையில் இலைகள் எழும்பின. அப்புறம் மொட்டுகள். மொட்டு என்றால் நிமிர்ந்து நிற்கிற மொட்டு இல்லை; திட்டு வாங்கின பிள்ளைபோலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். பூக்கிற நாள் நெருங்கினால் கழுத்து மெல்ல நிமிரும். விடிந்ததும் பச்சைத் தொப்பி இரண்டாகப் பிளந்து கீழே விழும். உள்ளேயிருந்து கசங்கிய பட்டுத்துணிபோல இதழ் பிதுங்கும்.

முதல் பூ வந்த அன்று மனைவி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "இங்கயும் எனக்கு இஸ்திரி வேலையா?" என்றாள். சொல்லி முடிக்கிறதற்குள் வெயில் பட்டுச் சுருக்கமெல்லாம் நீங்கி, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்துவிட்டது பூ. ரத்தச் சிவப்பு. மறுநாள் பக்கத்துச் செடியில் ரோஜா நிறம். அப்புறம் ஒரு நாள், இவர் வாழ்நாளில் எந்தப் பெயின்ட் கம்பெனிக் கலர் கார்டிலும் பார்க்காத ஒரு நிறம் வந்தது. ஊதா என்றால் ஊதா இல்லை, சாம்பல் என்றால் சாம்பல் இல்லை. அடியில் மை தடவினாற்போல் கருப்பு. அவர் வேலைக்குப் போக மறந்து நின்றார். மேஸ்திரி போன் பண்ணித் திட்டியபோதுகூடச் சிரித்துக்கொண்டே, "வந்துட்டேங்க, வந்துட்டேங்க" என்று அங்கேயே நின்றார்.

தெரு முழுக்க வந்து பார்த்தது. எதிர்வீட்டு டெய்லர் தினமும் தையல் மெஷினைத் திருப்பிப் போட்டு, பூவைப் பார்த்தபடி தைக்க ஆரம்பித்தார். அதில் ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகப் போனது தனிக் கதை.

ஒரே குறை, பூ தங்காது. இரண்டு நாள்தான். இதழ் உதிர்ந்தால், தலையில் மூடி போட்ட சின்னக் குடம்போல ஒரு பச்சைக் காய் நிற்கும். எல்லாக் காயும் ஒரே மாதிரி. எது சிவப்பு, எது ரோஸ், எது அந்தப் பெயரில்லாத நிறம் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. இவருக்கோ ஒரு ஆசை. வருகிற வருஷம் கேட்டிலிருந்து சமையலறை ஜன்னல் வரைக்கும், கலர் கார்டில் இருக்கிறதுபோல ஒன்றன் பின் ஒன்றாக நிறம் ஏறிக்கொண்டே போக வேண்டும். அதற்கு விதையைப் பிரித்து வைக்க வேண்டும்.

இங்கேதான் தொழில் புத்தி வேலை செய்தது. பெயின்ட் டப்பாவில் எழுதி வைத்தால் நிற்காது. தின்னர் பட்டால் எழுத்து கரைந்துவிடும், காகிதம் ஒட்டினால் பெயின்ட் அப்பிக்கொள்ளும். அதனால் பெயின்டர்கள் சுவருக்குப் பட்டி பூசுகிற தகட்டின் முனையால் மூடியில் கீறி வைப்பார்கள். ஒரு கீறல் கூடத்துக்கு, இரண்டு கீறல் படுக்கையறைக்கு. சொட்டுவும் அதையே செய்தார். இதழ் உதிர்ந்த கையோடு காயில் தகட்டால் அடையாளம் போட்டார். சிவப்புக்கு ஒரு கீறல், ரோஸுக்கு இரண்டு, பெயரில்லாததற்கு மூன்று. கீறிய இடத்தில் பால் கசிந்து வழிந்தது. வழிசலைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்குமா? இடுப்புத் துணியை எடுத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கூரியர் வண்டி ஓட்டும் மச்சான் ஒரு சாயங்காலம் வந்து கேட்டுக்குள் காலை வைக்கிற வரைக்கும். மனைவியின் தம்பி. போன் பார்த்துப் பார்த்தே படித்து முடித்தவன். செடியைப் படம் எடுத்தான், போனைத் தடவினான், அப்படியே கேட்டுக்கு வெளியே பின்னால் நகர்ந்தான்.

"மாமா, இது என்ன செடின்னு தெரியுமா?"

"பூச்செடி."

"பூச்செடியா! அபின் செடி மாமா! கசகசா காய்க்கிற செடி இதுதான். வளத்தா உள்ள தள்ளிடுவாங்க."

"எதுக்குள்ள?"

"ஜெயிலுக்குள்ள! வேற எதுக்குள்ள, தோட்டத்துக்குள்ளயா?"

சத்தம் கேட்டு மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னடா, வந்ததும் வராததுமா அவரப் பயமுறுத்தற?"

"அக்கா, உடனே எல்லாத்தையும் பிடுங்கிக் கொளுத்திடுங்க. இல்ல, கொளுத்தாதீங்க. அந்தப் புகைல தெருவே மயங்கிக் கிடக்கும்."

"உனக்குத்தான் மயக்கம். எத்தன வீட்டுல கசகசா டப்பா இருக்கு? அவங்கள எல்லாமா பிடிச்சுட்டுப் போறாங்க?"

"டப்பால இருந்தா பரவாயில்ல. செடில இருந்தா குத்தம்."

"அது என்னடா சட்டம்?"

"எனக்கென்ன தெரியும், நானா போட்டேன்?"

சொட்டு திரும்பிச் செடிகளைப் பார்த்தார். பிடுங்குவது பெரிய வேலையில்லை, ஒரு இழுப்பு. ஆனால் அவர் கை அந்தப் பக்கம் போகமாட்டேன் என்றது. பிடுங்காமல் விட்டு, நாளைக்கு யாராவது சொல்லிப் போலீஸ் வந்தால்? இந்த வயதில் உள்ளே போய் உட்கார்ந்தால் இவள் என்ன செய்வாள்?

மனைவிதான் முடிவைச் சொன்னாள். "எதுக்குக் குழம்பறீங்க? நேராப் போய்க் கேளுங்க. தப்புன்னா பிடுங்கிடலாம். தப்பில்லன்னா பிடுங்கின பாவம் எதுக்கு?"

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயா? அக்கா, புலிகிட்ட போய் வாய் நாறுதான்னு கேக்கச் சொல்ற மாதிரி இருக்கு."

சொட்டு கிளம்பிவிட்டார். வெறுங்கையோடு போனால் எந்தச் செடி என்று புரியவைக்க முடியாதே என்று, ஒரு காயைப் பறித்துச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டார்.

ஸ்டேஷன் வாசலில் நின்ற காவலர், "யாருக்குச் சாப்பாடு?" என்றார்.

"சாப்பாடு இல்லீங்க. மேடத்துக்கிட்ட ஒண்ணு காட்டணும்."

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குக் கட்டையான குரல், களைத்த கண். டப்பாவைத் திறந்தாள். காயை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத எங்க எடுத்தீங்க?"

"எங்க வீட்டுல நான் வளக்கறது மேடம். வளக்கலாமா கூடாதான்னு கேக்க வந்தேன்."

"இது வரைக்கும் எங்கிட்ட யாரும் இப்படிக் கேட்டதில்ல" என்றாள் அவள். "அழகுக்குன்னு வீட்டு வாசல்ல நாலு செடி வச்சா நாங்க கேஸ் போடறதில்ல. பூ பூக்கட்டும், காய் காய்க்கட்டும், நாங்க அந்தப் பக்கமே வரமாட்டோம்."

சொட்டு கைகூப்பி எழுந்தேவிட்டார்.

"உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல. காயில கத்தி பட்டா அது வேற. கீறிப் பால் எடுத்தா, அதுக்குப் பேரு தோட்டம் இல்ல. இந்தக் காயில ரெண்டு கீறல் இருக்கு."

"அது ரோஸ் மேடம்."

"என்னது?"

"ரெண்டு கீறல்னா ரோஸ். ஒண்ணுன்னா சிவப்பு."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "வாங்க, உங்க வீட்டப் பாக்கலாம்."

ஜீப்பின் முன்சீட்டில் காலி டப்பாவை மடியில் வைத்தபடி சொட்டு வந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. டெய்லர் மெஷினை நிறுத்தினார். மச்சான் முகம் வெளுத்து, சுவரோடு சுவராக ஒட்டி நின்றான்.

இன்ஸ்பெக்டர் குனிந்து காய் காயாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கீறல். ஒன்றிலும் பால் உறைந்த கறை இல்லை.

"வழிஞ்ச பால் எங்க?"

"துடைச்சுட்டேன் மேடம்."

"எதுல?"

"இந்தத் துணில."

மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். "மாமா, கொஞ்சம் வாய மூடுங்களேன்."

"கேக்கறாங்க, சொல்றேன். வழிஞ்சுட்டு நின்னா அசிங்கமா இருக்காதா?"

இன்ஸ்பெக்டர் அந்தத் துணியை வாங்கி மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்துத் தும்மினாள். தின்னர் வாசனை. அதில் எத்தனையோ வீட்டுச் சுவர்களின் நிறம் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது.

"பாருங்க பெயின்டரே, நீங்க சொல்றது நிஜமாவும் இருக்கலாம். ஆனா கீறினவன் எல்லாம் ஏதோ ஒரு கதை சொல்லத்தான் செய்வான். காயெல்லாம் ஒரே பச்சை. எது என்ன நிறம்னு நான் எப்படி நம்பறது?"

எல்லாரும் செடிகளைப் பார்த்தார்கள். பூத்து முடிந்து, இதழ் உதிர்ந்து, வெறும் காயாக நின்றன அத்தனையும். மனைவிதான் சட்டென்று குனிந்து ஒரு செடியின் இலையை விலக்கினாள். "மேடம், இங்க பாருங்க! பிந்தி வந்த மொட்டு ஒண்ணு இருக்கு!"

இருந்தது. அதே செடியில் மேலே ஒரு காய். அதில் மூன்று கீறல். கீழே ஒரே ஒரு மொட்டு. கழுத்து நிமிர்ந்து, தொப்பியில் முடி அளவு வெடிப்பு விட்டிருந்தது.

"ஒரு செடின்னா ஒரே நிறம்தான் பூக்கும் மேடம்" என்றார் சொட்டு. "காலைல விரிஞ்சுடும்."

"மூணு கீறல்னா என்ன நிறம்?"

அவர் விரல் காற்றில் எதையோ கலக்கிக் காட்டியது. சொல்லப் பெயர் இல்லையே.

"வாயால சொன்னா நாளைக்கு ஆளுக்கு ஒரு நிறம் சொல்வாங்க" என்றாள் இன்ஸ்பெக்டர். "நீங்க பெயின்டர்தானே? கலந்து காட்டுங்க."

சொட்டு டப்பாக்களைத் திறந்தார். வெள்ளையில் ஊதாவை விட்டார், ஒரு குச்சி முனைக்குக் கருப்பு, அப்புறம் சிவப்பு ஒரு நினைப்புக்கு. ஒரு பலகைத் துண்டில் பூசிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் ஈரம் படாமல் அதை விளிம்பில் பிடித்துக்கொண்டாள்.

"காலைல வருவேன். பூ இந்த நிறமா இருந்தா, நீங்க சொன்னது நிஜம். இல்லன்னா என்கூட வரணும். எங்கயும் போயிட மாட்டீங்களே?"

"எங்க மேடம் போறது? காலேஜ் பக்கத்துல ஒரு வீட்டுக்கு ரெண்டாவது கோட்டு பெயின்ட் அடிக்கவே பாக்கி."

விடிந்தபோது வாசலில் நிற்க இடமில்லை. டெய்லர் கடையிலிருந்த நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். மச்சான் வண்டி நிறையப் பார்சலோடு வந்து, எந்த வீட்டுக்கும் போகாமல் நின்றான். ஒருத்தர் மொட்டை ஊதித் திறந்துவிடலாமா என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பலகை அவள் மடியில் குப்புறக் கிடந்தது.

சொட்டு மொட்டைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவில்லை.

தொப்பியில் ஒரு பாதி விழுந்தது. வெடிப்பில் ஒரு கீற்று தெரிந்தது. இருட்டாக, சிவப்பாக.

"சிவப்பு!" என்று கத்திவிட்டான் மச்சான். "போச்சு! சிவப்பு!"

"உன் வாயில மண்ணப் போட" என்றாள் அக்கா. "சும்மா இருடா. மடிப்புல எந்தத் துணியும் கருத்துத்தான் தெரியும். விரியட்டும்."

மடிப்பு என்றால் அவள் சொல்கிறது சரியாகத்தான் இருக்கும் என்று கூட்டம் அடங்கியது. இன்னொரு பாதித் தொப்பியும் நழுவியது. இதழ் ஒன்று தோளை உதறிக்கொண்டு வெளியே வந்தது, அப்புறம் இன்னொன்று. எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டி வெயில் எட்டிப் பார்த்தது. வெளிச்சம் இதழுக்குள் புகுந்ததும் சிவப்பு எங்கோ போய் ஒளிந்துகொண்டது. மழை வரப்போகிற வானத்தில், சூரியன் மறைகிற இடத்தில் ஒரு மூலையில் மட்டும் தெரியுமே, அந்த நிறம். அடியில் மை.

"கத்தரிப்பூ நிறம்" என்றார் டெய்லர்.

"வெங்காயத் தோல்" என்றான் மச்சான், தப்பித்த சந்தோஷத்தில்.

"கண்ணிருக்கா உங்களுக்கெல்லாம்?" என்றது இன்னொரு குரல்.

"சத்தம் கூடாது!" என்றாள் இன்ஸ்பெக்டர். எழுந்து பலகையைத் திருப்பிப் பூவோடு சேர்த்துப் பிடித்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"உங்க நிறம் கொஞ்சம் கருப்பா இருக்கே?"

சொட்டு பலகையைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது பயமில்லை, வெட்கம்.

"காய்ஞ்சா ஒரு படி கருக்கும் மேடம். அதுக்கு இடம் விட்டுத்தான் கலக்கணும். நேத்து பயத்துல மறந்தே போயிட்டேன். வேலைக்குப் புதுசா வர்றவன்கூட இந்தத் தப்பு பண்ணமாட்டான்."

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தாள். பிறகு அந்தக் கட்டைக் குரலிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. "உங்கள உள்ள தள்ளவான்னு நான் யோசிச்சுட்டு இருக்கேன். உங்க கவலை பெயின்ட் கருத்துப் போச்சேன்னு!" பலகையை அவர் கையில் கொடுத்தாள். "இது சிவப்பும் இல்ல, ரோஸும் இல்ல. நீங்க கலந்ததேதான். ஆனா ஒண்ணு, கீறின காய் எல்லாத்தையும் நான் எடுத்துட்டுப் போகணும். அது வாசல்ல நின்னா நாளைக்கு வேற யாராவது வந்து கேப்பாங்க. இனிமே காயில தகடு படக்கூடாது. அடையாளம் வேணும்னா நூல் கட்டுங்க."

"நூலா?" சொட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அது எனக்குத் தோணவே இல்லையே மேடம்!"

"எதிர்ல டெய்லர வச்சுக்கிட்டு!" என்று டெய்லரே கத்தினார். ஓடிப்போய்க் கை நிறைய நூல்கண்டு அள்ளிக்கொண்டு வந்தார், நடுவில் ஒன்று தவறித் தெருவில் உருண்டு மச்சானின் வண்டிச் சக்கரத்தில் சிக்கிக்கொண்டதைக்கூடக் கவனிக்கவில்லை. இந்த நிறத்துக்கு எந்த நூல் என்று அங்கேயே நாலு பேர் சண்டையை ஆரம்பித்தார்கள்.

காய்கள் ஒரு பையில் போயின. சொட்டுவுக்கு மனசு ஒரு நொடி சுருக்கென்றது. கலர் கார்டு போல வரிசை வைக்கிற ஆசை அந்தப் பைக்குள் போகிறது. ஆனால் ஒரு பூ நிற்கிறது. அது ஒன்றே எத்தனை விதை கொடுக்கும்!

இன்ஸ்பெக்டர் கேட்டைத் திறந்தவள், போகாமல் திரும்பினாள். "இது எத்தன நாள் இருக்கும்?"

"ரெண்டு நாள் மேடம். காத்தடிக்காம இருந்தா."

சொல்லி வாய் மூடவில்லை, தெருமுனையிலிருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு காற்று புறப்பட்டது. பூ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இதழ் ஒன்று அடியில் ஆடியது.

"ஐயோ, புடிங்க!" என்றாள் மனைவி. எதைப் பிடிப்பது? சொட்டு காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தினார். அவள் பக்கத்தில் குந்தினாள். மச்சான் ஒரு பெரிய பார்சலைத் தூக்கிக் குறுக்கே வைத்து, "யார் வீட்டுதோ, கொஞ்சம் லேட்டாப் போகட்டும்" என்று அதன் மேலேயே உட்கார்ந்தான். டெய்லர் யாரோ ஒருவரின் தைக்காத துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். இன்னும் ஒரு பக்கம் திறந்திருந்தது. இன்ஸ்பெக்டர் பையை ஜீப் டிரைவரிடம் எறிந்துவிட்டு வந்து அந்த இடத்தில் குந்தினாள். தொப்பி பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் நகராதீங்க!" என்றாள்.

யாரும் நகரவில்லை. ஜீப்பில் வயர்லெஸ் அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது. அத்தனை முதுகுகளுக்கு நடுவில், காற்றுப் படாமல், பூ தன் கடைசிச் சுருக்கத்தையும் நிதானமாக நீவிக்கொண்டிருந்தது.